சீனித்தாய்க்கு ஒரு பிளாஸ்க்

முத்தையாபுரம்
9.2.2025

அன்புள்ள அத்தானுக்கு,

செல்வி எழுதுகிறேன். பாப்பாவும் நானும் சுகமாக இருக்கிறோம். உங்கள் இருமல் விட்டதா? பாளையங்கோட்டைப் பனி உங்களுக்கு ஆகாது. சுவரோரம் படுக்காதீர்கள்.

மனுப் போட்டுப் பார்க்க வர வேண்டாம் என்று நீங்கள் சொன்னது எனக்கு வருத்தம்தான். ஆனால் வலைக்கு அந்தப் பக்கம் உங்களைப் பார்த்துவிட்டுப் பாப்பா அழுத அழுகை, பஸ் ஊர் வந்து சேரும் வரை ஓயவில்லை. போனிலும் பின்னால் வரிசையில் நிற்கிறவர்களுக்குக் கேட்குமே என்று நீங்கள் ‘ம்’ கொட்டிக்கொண்டே இருக்கிறீர்கள். அதனால் இனி எழுதப் போகிறேன். அதிகாரிகள் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்களாம். படிக்கட்டும்.

சேதி என்னவென்றால், பீச் ரோட்டில் தள்ளுவண்டி போட்டுவிட்டேன். காலையில் நடக்க வருகிறவர்களுக்கு மூலிகை டீ. அங்கேயே குடியிருக்கும் எமில்டா அக்கா, வண்டியைத் தன் வீட்டுக் காம்பவுண்டில் நிறுத்திக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். பாப்பா அவர்கள் வீட்டிலேயே தூங்கி எழுந்திருக்கிறாள். ‘அவ என் பேத்தி மாதிரி, நீ ஒண்ணும் சொல்லாத’ என்கிறார்கள்.

முதல் நாள் ஆவாரம்பூ போட்டேன். நிறம் என்னவோ பொன் மாதிரி இருந்தது. குடித்தவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஒரு அண்ணாச்சி மட்டும் முழுசும் குடித்துவிட்டு, ‘ஏளா, வைக்கோலத் தண்ணில ஊறப்போட்ட மாதிரில்லா இருக்கு’ என்றார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ‘பிறகு எதுக்கு அண்ணாச்சி மிச்சம் வைக்காம குடிச்சிய?’ என்று கேட்டுவிட்டேன். ‘கடைசி வாயில நல்லா இருக்கும்னு பாத்தேன்’ என்றார். மறுநாளும் வந்தார்.

வீட்டுக்காரர் எங்கே என்று எல்லோரும் கேட்கிறார்கள். லாரி விபத்து, கேஸ், ஜெயில் என்று சொல்ல நாக்கு எழவில்லை. கப்பலில் இருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். துறைமுகத்து ஊரில் அதைச் சொன்னால் மேற்கொண்டு யாரும் கேட்பதில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
செல்வி

பாளையங்கோட்டை
20.2.2025

அன்புள்ள செல்விக்கு,

இருமல் குறைந்துவிட்டது. நீயும் பாப்பாவும் இருட்டோடு ரோட்டில் போவதுதான் எனக்குக் கவலை. வலது ஓரமாக, வண்டி எதிரே வருவது தெரிகிற மாதிரி நட. லாரிக்காரன் சொல்லுகிறேன், கேள்.

உன் கடிதத்தைப் பக்கத்தில் இருக்கும் மாடக்கண்ணு அண்ணனுக்கும் படித்துக் காட்டினேன். வைக்கோல் என்று சொன்ன இடத்தில் இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று அண்ணன் சொன்னபோதுதான் எனக்கும் தெரிந்தது.

இங்கே என்னைத் தோட்ட வேலைக்குப் போட்டிருக்கிறார்கள். துளசி நிறைய நிற்கிறது. நாலு இலையைக் கசக்கி வெந்நீரில் போட்டு, நீ ஆற்றிக் கொடுத்தது என்று நினைத்துக்கொண்டு குடித்தேன். முதலில் மூக்கில் ஏறியது, பிறகு நாக்கு, கடைசியில் தொண்டையில் ஒரு சின்னக் காரம். நீ அடுத்து என்ன போட்டாலும் அதன் ருசியை இப்படி எழுது. இங்கே எல்லாவற்றுக்கும் ஒரே ருசி.

கப்பல் என்று சொன்னதற்கு எனக்கு என்ன கோபம். எந்தக் கப்பல் என்று கேட்டால் சொல்ல ஒரு பேர் வைத்துக்கொள்.

அந்த வைக்கோல் அண்ணாச்சி இப்போது என்ன சொல்லுகிறார்?

பாப்பாவுக்கு முத்தம்.

லிங்கராஜ்

முத்தையாபுரம்
16.3.2025

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே எல்லோரும் நலம். வெயில் ஏறிவிட்டது. தோட்டத்தில் தலைக்குத் துண்டு கட்டிக்கொள்ளுங்கள்.

ருசி கேட்டீர்கள். செம்பருத்தி டீக்கு வாசமே கிடையாது. வாயில் வைத்ததும் புளிப்பு, பல் கூசாத புளிப்பு. கொஞ்சம் ஆறினால் நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி ஒரு துவர்ப்பு நிற்கும். எலுமிச்சைப் புல் இதற்கு நேர் எதிர். வாசம் ரோடு வரை வருகிறது, வாயில் பெரிதாக ஒன்றும் இல்லை. சங்குப்பூ நீலம். எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாக மாறுகிறது. காலேஜ் பிள்ளைகள் குடிப்பதற்கு முன்னால் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

எல்லாவற்றையும் முதலில் குடித்துப் பார்ப்பது அந்த அண்ணாச்சிதான். பேர் மகாராஜன். மாவு மில் வைத்திருந்தாராம், இப்போது மூடிவிட்டார். மில் பெல்ட்டில் சிக்கி வலது கையில் சுண்டுவிரல் போய்விட்டதாம். அந்தக் கையால் டம்ளரைப் பிடிக்கும்போது எனக்குப் பயமாக இருக்கும், ஆனால் ஒரு சொட்டுக்கூடச் சிந்த மாட்டார். செம்பருத்தியைக் குடித்துவிட்டு, ‘இது வெயில்ல குடிக்க வேண்டியது. விடியக்காலம் குடிச்சா நாக்கு கோவிச்சிக்கிடும்’ என்றார். அன்றிலிருந்து செம்பருத்தியை எட்டு மணிக்கு மேல்தான் எடுத்து வைக்கிறேன்.

வீட்டில் அவர் மனைவி சீனித்தாய் அக்கா வெளியே வருவதே இல்லையாம். சோறும் தண்ணியும் கட்டாயப்படுத்தினால்தானாம். என்ன சீக்கு என்று கேட்டேன். ‘சீக்கு இல்ல தாயி’ என்று நிறுத்திவிட்டார். தினமும் ஒரு சின்ன பிளாஸ்க்கில் அன்றைய டீயை வாங்கிப் போகிறார். மறுநாள், ‘தொடலளா, நாந்தான் குடிச்சேன்’ என்று வந்து சொல்லுவார். அதற்காகவே புதிது புதிதாகப் போடுகிறேன். ஏதாவது ஒன்று அந்த அக்காவுக்குப் பிடிக்காமலா போகும்?

பிள்ளைகள் உண்டா என்றேன். ‘ஒரு பையன், தூரத்துல இருக்கான்’ என்றார். எனக்கு அப்பா இல்லை என்பது காலையில் அந்த அரைமணி நேரம் மறந்துபோகிறது.

உடனே பதில் போடுங்கள்.

செல்வி

முத்தையாபுரம்
20.4.2025

அன்புள்ள அத்தானுக்கு,

ஒரு மாதமாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை. போனும் இல்லை. உடம்புக்கு ஏதாவதா? நான் ஜெயிலுக்கே போன் போட்டுக் கேட்டேன், நன்றாக இருக்கிறார் என்று மட்டும் சொன்னார்கள். நன்றாக இருக்கிறவர் ஏன் எழுதவில்லை?

கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு நல்ல சேதி. சீனித்தாய் அக்கா டீ குடித்துவிட்டார்கள்.

என்ன டீ என்று நினைக்கிறீர்கள்? ரோஜா இல்லை, சுக்கு மல்லி கருப்பட்டி இல்லை. அன்றைக்கு எல்லாம் தீர்ந்துபோய், எமில்டா அக்கா வீட்டுக் கொய்யா மரத்தில் நாலு கொழுந்தைப் பறித்துப் போட்டுக் கொதிக்க வைத்தேன். அதில் ஒன்றுமே இல்லை அத்தான். கலங்கின தண்ணீர் நிறம், லேசாகத் துவர்ப்பு, வாசம் என்று சொன்னால் மழை நின்ற பிறகு இலை மேல் இருக்குமே அது. அதைப் பிளாஸ்க்கில் ஊற்றிக் கொடுக்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் அண்ணாச்சி காலி பிளாஸ்க்கைக் கவிழ்த்துக் காட்டினார். கண் கலங்கியிருந்தது. ‘எனக்கு இப்பந்தாம்ளா விளங்குது. நல்லா இருந்தா அவ குடிக்க மாட்டா. நல்லா இருக்கதையெல்லாம் அவ விட்டுட்டா. இதுல ஒண்ணும் இல்லங்கவும் குடிச்சிட்டா’ என்றார். எனக்குச் சரியாகப் புரியவில்லை, ஆனால் நானும் அழுதுவிட்டேன்.

இப்போது தினமும் அவர்களுக்குக் கொய்யா இலைதான்.

நீங்கள் எழுதாவிட்டால் அடுத்த வாரம் நேரே வந்து நிற்பேன்.

செல்வி

பாளையங்கோட்டை
2.5.2025

அன்புள்ள செல்விக்கு,

நான் சுகம். நீ வர வேண்டாம்.

வண்டியை வேறு இடத்துக்கு மாற்று. முத்தையாபுரத்திலேயே பஸ் ஸ்டாப் பக்கம் போடலாம். துறைமுகத்து ஆட்கள் வருவார்கள். பீச் ரோடு வேண்டாம். நாளைக்கே மாற்று. காரணம் கேட்காதே.

பாப்பாவைப் பார்த்துக்கொள்.

லிங்கராஜ்

முத்தையாபுரம்
11.5.2025

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் பாப்பாவும் நலமாகத்தான் இருக்கிறோம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

ஒன்றரை மாதம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, காரணம் கேட்காதே என்று நாலு வரி. நான் என்ன உங்கள் கிளீனரா? முத்தையாபுரம் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்களுக்குப் பால் டீயும் வடையும்தான் வேண்டும். சங்குப்பூவை அங்கே யார் குடிப்பார்? இருட்டில் தனியாக நின்று, முகம் சுளித்தவர்களையெல்லாம் பழக்கி, இப்போதுதான் நாலு பேர் என் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

அண்ணாச்சியை நான் அப்பா மாதிரி நினைப்பது உங்களுக்குப் பிடிக்கவில்லையா? யாராவது ஏதாவது எழுதிப் போட்டார்களா? அப்படி இருந்தால் நேரே கேளுங்கள், நான் பதில் சொல்லுகிறேன்.

சீனித்தாய் அக்கா போன ஞாயிற்றுக்கிழமை வாசலில் வந்து உட்கார்ந்தார்களாம். இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறதாம் அவர்கள் வாசலுக்கு வந்து. அதை விட்டுவிட்டு நான் எங்கே போக?

காரணம் எழுதாமல் மாற்ற மாட்டேன்.

செல்வி

பாளையங்கோட்டை
1.6.2025

அன்புள்ள செல்விக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? உட்கார்ந்துகொண்டு படி.

உன்மேல் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. எந்தக் காலத்திலும் வராது.

கேஸ் நடக்கும்போது கோர்ட்டுக்கு நீ வர வேண்டாம் என்றேன். கைப்பிள்ளையோடு உங்கள் அம்மா வீட்டில் இருந்தாய். செத்துப்போன பையன் பேர் சிவப்பிரகாஷ், சாகுபுரத்துக் கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான் என்பதற்கு மேல் நான் உனக்கு ஒன்றும் சொன்னதில்லை. சொன்னால் உனக்குப் பால் வற்றிவிடும் என்று உங்கள் அம்மா பயந்தார்கள்.

அவன் அப்பா சாட்சி சொல்ல வந்தார். உடலை அடையாளம் காட்டியவர் அவர்தான். கூண்டில் ஏறி, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். என் பக்கம் திரும்பவே இல்லை. இறங்கும்போது ஜட்ஜைப் பார்த்துக் கும்பிட்டார். ஒரு கையில் சுண்டுவிரல் இல்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேரைக் கூப்பிட்டபோதும் கேட்டேன்.

மகாராஜன்.

உன் கடிதத்தில் அந்த விரலைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. அவர் மகன் தூரத்தில் இல்லை செல்வி. நான் கப்பலிலும் இல்லை.

நீ வேறு யாரிடமோ கேட்டு, வேறு விதமாகத் தெரிந்துகொள்ளக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். இனி நீ என்ன செய்தாலும் எனக்குச் சம்மதம்.

லிங்கராஜ்

முத்தையாபுரம்
20.7.2025

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் இருக்கிறோம். பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்து விட்டுவிட்டது. நீங்கள் சாப்பிடுகிறீர்களா? தூங்குகிறீர்களா? இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்கு உங்கள்மேல் கோபம் காரணமில்லை. எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் வண்டி போடவில்லை. அதற்கு மறுநாள் போட்டேன். அண்ணாச்சி வந்தார். ‘எங்களா போன? அவ பிளாஸ்க்க வச்சிக்கிட்டு உக்காந்திருந்தா’ என்றார். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போயிருந்தேன். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு எப்படிச் சொல்ல? கொய்யா இலையை ஊற்றிக் கொடுத்தேன். அப்படியே ஒரு நாள், இரண்டு நாள், பல நாள்.  ‘இன்னைக்கு சுக்கு தூக்கலா போயிட்டு’ என்று அவர் சொன்னால், எனக்கு அது வேறு என்னவோ சொன்ன மாதிரி இருக்கும்.

போன வியாழக்கிழமை அவருக்குப் பின்னால் சீனித்தாய் அக்காவும் நடந்து வந்தார்கள். இளைத்துப்போன உடம்பு. சேலை நிற்கவில்லை. ஸ்டூலில் உட்கார வைத்தேன். பாப்பா அன்றைக்கு என்னோடு இருந்தாள். அவளை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, கையால் தலைமுடியை ஒதுக்கிவிட்டார்கள். டீயை ஊதி ஊதிக் குடித்தார்கள்.

‘நீ குடுத்து அனுப்புததாலதாம் தாயி நான் எந்திச்சு உக்காந்தேன்’ என்றார்கள். பிறகு அவர்களாகவே சொன்னார்கள். ‘எம் பிள்ளையும் டீன்னா உசுரா இருப்பான். இந்த மாதிரி இலைத் தண்ணியெல்லாம் குடிக்க மாட்டான். நல்ல பால் டீ, ஆடையோட. பிரகாசுன்னு பேரு. வேலைக்குப் போனான், லாரில அடிச்சுப் போட்டுட்டான். இவுக தூரத்துல இருக்கான்னு உங்கிட்ட சொன்னாவளாம். அதும் நெசந்தான.’

நான் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

‘உம் மாப்பிள கப்பல்ல இருந்து எப்ப வாரான்? வந்தா வீட்டுக்குக் கூட்டிட்டு வா. எங் கையால ஒரு வாய் சோறு போடணும்’ என்றார்கள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை அத்தான். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டிருப்பேன், யாருக்குப் போடுகிறோம் என்று தெரியாமல் அவர்கள் போடும் சோற்றை நீங்கள் சாப்பிட நான் விட முடியாது. ‘எங்க வீட்டுக்காரர் கப்பல்ல இல்லக்கா, பாளையங்கோட்டை ஜெயில்ல இருக்காவ. அந்த லாரிய ஓட்டுனது அவியதான்’ என்று சொல்லிவிட்டேன்.

அக்கா டம்ளரைக் கீழே வைத்தார்கள். பாப்பாவை மடியிலிருந்து மெல்ல இறக்கினார்கள். அவள் சட்டையை இழுத்துச் சரிசெய்தார்கள். எழுந்து நடந்தார்கள். அண்ணாச்சி என்னைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார், பிறகு அவர்கள் பின்னாலேயே போய்விட்டார்.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் வரவில்லை.

நான் சொன்னது தப்பா? நீங்களாவது சொல்லுங்கள்.

செல்வி

தூத்துக்குடி
24.8.2025

லிங்கராஜ் அவர்களுக்கு,

மகாராஜன் எழுதுவது. முதலில் உடல் நலம் விசாரிப்பதுதான் முறை. எனக்கு அது கைவரவில்லை. மன்னிக்கவும்.

உங்கள் மனைவிமேல் எனக்கு வருத்தம் இல்லை. அந்தப் பிள்ளை சொல்லாமலே இருந்திருந்தால் எங்களுக்குத் தெரிந்திருக்கப் போவதில்லை. இதைச் சொல்ல இந்தக் கடிதத்தை எழுதவில்லை. வீட்டில் அவள் சொல்லித்தான் எழுதுகிறேன். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மறுபடியும் படுத்துவிட்டாள். ஒன்றே ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது பிள்ளை போய்விட்டான். போலீஸும் வக்கீலும் எங்களிடம் எவ்வளவோ கேட்டார்கள். நாங்கள் கேட்பதற்கு யாரும் இல்லை. கடைசியாக அவன் பக்கத்தில் இருந்தவர் நீங்கள். ஆம்புலன்ஸ் வரும் வரை ஓடிப்போகாமல் இருந்தீர்கள் என்று கோர்ட்டில் சொன்னார்கள். அவனுக்கு நினைவு இருந்ததா? ஏதாவது பேசினானா? எங்களைக் கேட்டானா?

எங்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டும் என்று எதையும் கூட்டி எழுத வேண்டாம். ஒன்றும் பேசவில்லை என்றால் அப்படியே எழுதவும்.

மகாராஜன்

பாளையங்கோட்டை
7.9.2025

மதிப்பிற்குரிய அண்ணாச்சிக்கும் அக்காவுக்கும்,

லிங்கராஜ் வணங்கி எழுதுகிறேன். உங்கள் நலத்தைக் கேட்க எனக்கு வாய் இல்லை.

நினைவு இருந்தது. வலியும் இருந்தது. இல்லை என்று எழுத மாட்டேன்.

லேசாக விடிந்த நேரம். நான் இறங்கி ஓடிப் போனபோது கண்ணைத் திறந்துதான் இருந்தார். தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். தண்ணீர் கேட்டார். கொடுக்கலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. கேனில் இருந்ததைக் கையில் ஊற்றி உதட்டை நனைத்தேன். பைக் என்ன ஆயிற்று என்று கேட்டார். ஒன்றும் ஆகவில்லை என்றேன். அது பொய். நான் அவரிடம் சொன்ன பொய் அது ஒன்றுதான். ‘ஷிப்டுக்கு லேட்டாயிட்டு’ என்றார்.

நான் அழுதேன். வீட்டு நம்பரைச் சொல்லுங்கள், போன் போடுகிறேன் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல பிடி. ‘வேண்டாம்ணே, வீட்டுக்குப் போன் போட்டுராதீய. எங்கம்மா பயந்துருவா. சாயந்தரம் நானே போயி மெல்லச் சொல்லிக்கிடுதேன்’ என்றார்.

அதற்குப் பிறகு பேசவில்லை. ஆம்புலன்ஸில் ஏற்றும் வரை அந்தப் பிடியை விடவில்லை. அவர்கள்தான் எடுத்துவிட்டார்கள்.

இதைக் கோர்ட்டில் யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகச் சொல்ல எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. இதில் நான் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை.

லிங்கராஜ்

முத்தையாபுரம்
5.10.2025

அன்புள்ள அத்தானுக்கு,

பாப்பாவும் நானும் சுகம். மழை தொடங்கப் போகிறது. போர்வையை வெயிலில் போட்டு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதம் அண்ணாச்சிக்குக் கிடைத்துவிட்டது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், அதைப் படித்துக் காட்டியது நான்தான்.

வண்டிக்கு வந்தார். ஓரமாக நின்றார். கூட்டம் குறைந்த பிறகு பக்கத்தில் வந்து, ‘ஏளா, அந்தக் கடுதாசில எனக்குப் பாதிக்கு மேல கண்ணு தெரிய மாட்டேங்குது. அவ படி படிங்கா. நீ வந்து படி’ என்றார். கண்ணாடி போட்டுத்தான் இருந்தார். அடுப்பை அணைத்துவிட்டு, பாப்பாவை எமில்டா அக்காவிடம் விட்டுவிட்டு அவர் பின்னால் நடந்தேன். அவர்கள் வீட்டுக்கு நான் போவது அதுதான் முதல் தடவை.

அக்கா கட்டிலில் படுத்திருந்தார்கள். நான் வந்தது தெரிந்தும் சுவர்ப் பக்கமே பார்த்திருந்தார்கள். நான் தரையில் உட்கார்ந்தேன். தலைமாட்டில் அந்தப் பையனின் படம். அதைப் பார்க்காமல் படிக்க முயன்றேன். வலி இருந்தது என்று நீங்கள் எழுதிய இடத்தில் நான் நிறுத்தினேன். ‘படி’ என்றார்கள். பைக்கைப் பற்றிக் கேட்ட இடத்தில் அண்ணாச்சி எழுந்து வெளியே போய்விட்டார். ‘எங்கம்மா பயந்துருவா’ என்பதைப் படித்தபோது அக்கா திரும்பி எழுந்து உட்கார்ந்தார்கள்.

‘மறுபடியும் படி.’

படித்தேன். மறுபடியும் என்றார்கள். எத்தனை தடவை என்று எனக்குத் தெரியாது அத்தான். கடைசியில் தாளைப் பார்க்காமலே சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்கள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கையை மட்டும் நீட்டினார்கள். தாளைக் கொடுத்தேன். எழுத்துத் தெரியாதவர்கள், அதை விரித்து மடியில் வைத்து, ஒவ்வொரு வரியாக விரலால் தடவினார்கள். எந்த வரி என்று கேட்டார்கள். விரலைப் பிடித்து அந்த வரியில் வைத்தேன்.

நான் எழுந்து வெளியே வந்தேன். வாசலில் நின்ற அண்ணாச்சி, ‘இனிமே நாங்க அங்கன வர மாட்டோம் தாயி. நீயும் இங்கன வராத. உன் மாப்பிள வெளிய வந்தாலும் இந்தத் தெருப் பக்கம் வர வேண்டாம்னு சொல்லு. தப்பா நெனச்சிக்கிடாத. எங்களால முடியாது’ என்றார். சரி அண்ணாச்சி என்றேன்.

நாலு எட்டு வைப்பதற்குள் உள்ளே அக்கா பேசும் சத்தம் கேட்டது. அண்ணாச்சியிடம் பேசுகிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். அண்ணாச்சி இன்னும் வாசலிலேயே நின்றார். உள்ளே வேறு யாரும் இல்லை.

‘ஏலே, நான் பயப்பட மாட்டேன்லே. சொல்லியிருக்கலாம்லா. எங்கிட்டதானல சொல்லணும்.’

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் அத்தான்.

செல்வி